சும்மாதான் வந்தோம்

கீரனூர்,
வைகாசி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தபடிதான் இருக்கிறது. ஆனால் ஆள் போன மாதத்தைவிடத் தெளிச்சியாக இருக்கிறார். அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் உனக்கு டூட்டி நேரம் வந்துவிடும், எனக்கு வாசலில் பால்காரர் வந்துவிடுவார்.

போன வாரம் நாங்கள் ஐந்து பேரும் ஆம்னியில் கிளம்பி நாலு ராத்திரி வெளியில் தங்கி, சொந்தபந்தம், சிநேகிதர்கள் வீடெல்லாம் பார்த்து வந்தோம். இரண்டு கூடாரம், ஒரு பெரிய தார்ப்பாய், கோரைப்பாய் நாலு, சின்ன சிலிண்டர், குண்டான், தண்ணீர் கேன், புளிச்சோறு கட்டிய தூக்குப்போசி. அப்பா உட்கார முன் சீட்டில் தலையணை. ஒருவர் வீட்டிலும் நம்மால் பாரம் ஏறக்கூடாது, இராத்தூக்கம் அவர்கள் வாசலிலோ காட்டிலோ நம் கூடாரத்தில்தான் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

யோசனை உன் மச்சானுடையது. தை மாதம் பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்து வந்ததாம். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடி நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகக் காலங்காலமாக வருகிறதே, வழியெல்லாம் தங்கி, சமைத்து, சாமி பார்த்துவிட்டுத் திரும்பியும் நடந்தே போகிறார்கள். "அவங்க தங்குற ஊர்ல எல்லாம் அவங்களுக்கு ஆள் இருக்கு. நமக்கும் அதே ரோட்டுல ஆள் இருக்காங்க, நாமதான் போறதில்ல" என்றார். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "யாருக்கு என்னாச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்றதும் அடுத்தது, "பத்திரிகை வைக்க வர்றீங்களா?" நத்தத்துச் சித்தி, நம் சின்னவளுக்குச் சீர் வைக்கத்தான் அழைக்க வருகிறோம் என்று முடிவே செய்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குடன் வாசலில் நின்றாள். "சும்மாதான் சித்தி வந்தோம்" என்றேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பத்து வருடமாக அந்த வீட்டுக்குள் நாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிரக் கால் வைத்ததில்லை என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

முதல் ராத்திரி விருப்பாச்சி. உன் மச்சானோடு படித்தவர் தோட்டத்துக் களத்தில் கூடாரம் போட்டோம். மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வெட்டி வந்து வைத்தார். தோல் கறுத்திருந்தாலும் உள்ளே தேன். பிள்ளைகளுக்கு அவர் ஒரு விஷயம் சொன்னார். 1772-இல் சிவகங்கை அரசர் போரில் மாண்ட பிறகு, ராணி வேலு நாச்சியார் பெண்குழந்தையோடு வந்து எட்டு ஆண்டு இருந்தது இந்தப் பாளையத்தில் கோபால் நாயக்கர் பாதுகாப்பில்தான். அந்தக் கோபால் நாயக்கரை 1801-இல் வெள்ளைக்காரர்கள் திண்டுக்கல்லில் தூக்கில் போட்டார்கள். "எட்டு வருசம் விருந்தாளிய வெச்சுக் காப்பாத்துன ஊரு தங்கச்சி, நீ ஒரு நாளைக்கு அடுப்புத் தூக்கிட்டு வர்றியே" என்று கோபித்துக்கொண்டார். உண்மையான கோபம். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, பாரம் வைக்கக்கூடாது என்று நாம் போட்ட கணக்கு அவர்களுக்கு அவமானமாகப் படுகிறது என்று. அதன்பிறகு ராத்திரிச் சோறு அந்தந்த வீட்டில், காலை டீயும் மதியச் சோறும் மட்டும் நம் அடுப்பில் என்று மாற்றிக்கொண்டோம்.

திண்டுக்கல்லில் பேகம்பூரில் என் காலேஜ் சிநேகிதி வீட்டு மொட்டை மாடி. ஐதர் அலியின் சகோதரி அடக்கமான பள்ளிவாசல் அங்கே இருக்கிறது, பேகம்பூர் என்ற பேரே அந்தம்மாவால் வந்தது. சிநேகிதி வீட்டுச் சீரகச் சம்பா பிரியாணியைப் பற்றி நான் எழுதினால் நீ டிக்கெட் போட்டுவிடுவாய், ஆகவே எழுதாமல் விடுகிறேன். பிள்ளைகள் மலைக்கோட்டை ஏறி வந்தார்கள். அப்பா அடிவாரத்தில் உட்கார்ந்து ஒரு பூட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

நத்தத்தில் மாந்தோப்பு. சித்தப்பா, "தோப்புல படுங்க, காத்து வரும்" என்றார். காற்று வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கோடைமழை அடித்துப் பிடித்து இறங்கியது. தோப்பு மண் பொலபொலவென்று இருந்ததால் கூடார முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அப்பாவைத் தாங்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினோம். அங்கே ஐந்து பேரும் உட்கார்ந்திருக்க, வெளியே தொப்பு தொப்பென்று காய் விழுகிற சத்தம் விடியும்வரை. சின்னவள் அதை ஒன்று இரண்டு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் சித்தப்பா வந்து தோப்பைப் பார்த்தபடி நின்றபோது அவளே சிரிப்பை நிறுத்திவிட்டாள். காசாலட்டு, கல்லாமை, செந்தூரம் எல்லாம் இன்னும் பத்து நாள் மரத்தில் இருக்க வேண்டிய காய்கள். அடிபட்ட காய் ஊறுகாய்க்காரர் கேட்கிற விலைக்குத்தான் போகும். அன்று கிளம்பாமல் மதியம்வரை எல்லோருமாகப் பொறுக்கிக் கூடையில் பிரித்துப் போட்டோம். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, போகும்போது பெரியவன் தலையில் கைவைத்தார். கல்யாண வீட்டில் பட்டு வேட்டியோடு பார்க்கும் சித்தப்பா வேறு, அன்று பார்த்தவர் வேறு.

கடைசி ராத்திரிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் அம்மிணி. வேடசந்தூருக்குப் பக்கத்தில் அத்தை வீடு. நாங்கள் அடுப்பை இறக்கியதும் "என்ற வாசல்ல வந்து நீ அடுப்புப் பத்த வெப்பியா?" என்று சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். எண்பத்திரண்டு வயதில்! சோறு போட்டு முடித்துவிட்டு, தானும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தார்ப்பாயின் மேல் அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தார்சு போட்ட பிறகு வாசலில் படுத்ததே இல்லையாம்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அத்தை, "ஏஞ் சாமி, அன்னிக்கு இந்த மேட்டுலதான நீ வந்து நின்ன?" என்றாள்.

1977-இல் அழகாபுரியில் குடகனாறு அணை உடைந்த கதை நமக்குப் பாடப்புத்தகத்தில்கூட வந்ததில்லை. புதுசாகக் கட்டிய அணை. ஒரே மழையில் தண்ணீர் மேலே வழிந்து மண்கரையை அரித்துக்கொண்டு போய்விட்டது. வேடசந்தூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பம் அழிந்தது. அத்தைக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். இரைச்சலைக் கேட்டு மாமா மூத்தவனைத் தோளிலும் அத்தை சின்னவனை இடுப்பில் சேலையால் கட்டிக்கொண்டும் பாறை மேட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். கட்டுத்தறியில் அவிழ்க்க நேரமில்லாத இரண்டு மாடுகள் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது என்றாள். ஒரு ராத்திரி, ஒரு பகல் அந்தப் பாறையில்.

அப்பாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கீரனூரில் சேதி கேட்டதும் பழனிக்கு வந்து பஸ் ஏறியிருக்கிறார். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஒரு பையில் ராகி மாவும் நாலு தேங்காயும் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து, மூன்றாம் நாள் வந்து சேர்ந்திருக்கிறார். வழியில் கிடத்தியிருந்த ஒவ்வொரு உடம்பின் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன் என்று அப்பா சொன்னபோது அவர் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. அத்தையைக் கண்டதும் இரண்டு பேரும் அழவில்லையாம். அப்பா முதலில் கேட்டது, "அக்கா, தண்ணி எறங்கிருச்சா?"

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டில் மழை வலுத்தால் அப்பா அத்தைக்குப் போன் போட்டு, "ஆத்துல தண்ணி எவ்வளவு போகுது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். நலமா என்று ஒரு வார்த்தை இருக்காது. கிணற்றுப் பாசனக்காரர், தண்ணீரைத் தவிர வேறு பேச்சு இல்லை என்று அம்மாகூடக் குறைபட்டுக்கொள்வாள். அம்மாவுக்கே தெரியாமல் போயிருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேலாக அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள் கூடிய எத்தனை விசேஷத்தில் இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்! மேளச் சத்தத்திலும் மொய் எழுதுகிற அவசரத்திலும் இந்தப் பேச்சு எப்படி வரும்? அடுத்த பந்திக்கு ஆள் நிற்கும்போது யார் இதை ஆரம்பிப்பார்கள்? இதற்கு ஒரு வேலையும் இல்லாத ராத்திரி வேண்டியிருக்கிறது.

பெரியவன் கூடாரத்துக்குள் தூங்குகிறான் என்று நினைத்தேன். காலையில் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாறையைப் பார்க்கப் போய்விட்டான்.

நீ போன தடவை வந்தது அம்மா தவறியபோது, ஐந்து நாள். அதற்கு முன்னால் வந்தது என் கொழுந்தன் கல்யாணத்துக்கு. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. மஸ்கட்டில் லீவு வாங்குகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் இருக்கிற லீவையெல்லாம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் எடுத்துச் செலவழித்தால், இருக்கிறவர்களைப் பார்க்க லீவு மிஞ்சாது. அப்பாவுக்கு எழுபத்தாறு. அத்தைக்கு எண்பத்திரண்டு.

அடுத்த வருடம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் பத்து நாள் வா. எந்த விசேஷமும் இல்லாத பத்து நாளாகப் பார்த்து வா. ஆம்னியில் இடம் போதாது, வேன் பேசிக்கொள்ளலாம் என்று உன் மச்சான் சொல்லிவிட்டார். அடுத்த தடவைக்கென்று இரும்பு முளை அடித்து வைத்திருக்கிறார், மழை வந்தாலும் கூடாரம் நிற்கும். மாப்பிள்ளையிடம் கேட்டுத் தேதியை எழுது. அத்தையிடம் நான் ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா