குதிரை இல்லாத துப்பாக்கி

எப்போதும்வென்றான் பக்கம் எந்தச் சம்சாரியிடம் பேச்சுக் கொடுத்தாலும் பன்றிக் கதை வந்துவிடும். மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் புகுந்தால் விடிவதற்குள் காட்டை உழப்பிவிட்டுப் போய்விடும். அங்கே என் நண்பர் ஒருவரிடம் பாட்டனார் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. உரிமத்தை முறைப்படி தன் பேருக்கு மாற்றிவிட்டார். ஆனால் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற குதிரைகளில் இடது பக்கத்தைக் காணோம். குழலுக்கு அடியில் பிடிக்கிற முன்கட்டையும் உள்ளே ஒரு வில்லும் இல்லை. சரிபண்ணலாமா என்று கேட்கத் திருநெல்வேலியில் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடைக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது உரிமப் புத்தகத்தை. அதிலுள்ள எண்ணும் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒத்துவந்த பிறகுதான் கை வைத்தார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பழுதுபார்க்கிறவருக்கும் தனி உரிமம் வேண்டும்.

"அண்ணாச்சி, குதிரை கிடைக்குமா?"

"குதிரை கிடக்கட்டும் தம்பி. வலதுபக்கத்தைப் பார்த்து அரம் போட்டா ஒண்ணு செஞ்சிரலாம். வில்லையும் எஃகுல ராவி, காய்ச்சி, எண்ணெயில முக்கி எடுத்திரலாம். குழலைச் சொல்லும்."

குழலைக் கழற்றி, கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, மோதிரவிரல் கணுவால் தட்டினார். கணீரென்று வந்திருக்க வேண்டும், 'தட்' என்றது. இரண்டு குழலையும் சேர்க்கிற பட்டையில் ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறதாம். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள்.

மண்ணெண்ணெய்த் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்ததும் இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த வரிகள் தெரிந்தன. 'நாட் ஃபார் பால்' என்ற ஆங்கில முத்திரையும் வெளிப்பட்டது. வாய் குறுகிய குழல், ஒற்றைக் குண்டு போடாதே என்று எச்சரிப்பது; 1875க்கும் 1887க்கும் இடையில் அடித்தது. ஆக, பாட்டனாருக்கு முன்பே யார் கையிலோ இருந்த சாமான். கரிமருந்துக் காலத்துக் குழல். இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவின் அழுத்தத்தை, துரு தின்று மெலிந்த இந்தச் சுவர் தாங்கும் என்று நம்பிச் சுட்டால் போவது இடது கை.

நண்பருக்கு மனசு ஆறவில்லை. "சும்மா பார்வைக்காவது குதிரையை மாட்டிக் குடுங்களேன்."

"முழுசா இருந்தா என்னைக்காவது ஒருத்தன் தோட்டா போட்டுப் பார்ப்பான். குறையாவே இருக்கட்டும்."

கூலி வருகிற வேலையை வேண்டாம் என்ற மனிதர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. சரிபண்ணினாலும் வனத்துறையை மீறிப் பன்றியைச் சுட முடியாது, பிறகு எதற்கு? எண்ணெய் மட்டும் போட்டு வாங்கி வந்தோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடந்து, உரிமம் வைத்திருந்தவர் காலமாகியிருந்தால், கொல்லரைத் தேடாதீர்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ உடனே ஒப்படைத்துவிடுங்கள். வாரிசு உரிமம் கேட்டு மனுச் செய்ய 2016ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு.