மூடி

அல்லிநகரத்தில், இதை எழுதுகிறவரின் அம்மா யூகலிப்டஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது ஆர்.எஸ்.பதி மரம். தைலக் குப்பியில் இருந்த பேரை மரத்துக்கே வைத்துவிட்டார்கள். நீலகிரியில் கேட்டால் கற்பூர மரம் என்பார்கள்.

வீட்டில் யாருக்காவது சளி கட்டிவிட்டால், போடிமெட்டு ஏறி மூணாறு போகிற ஆளிடம் ஒரு கொத்து இலைக்குச் சொல்லிவைப்பார். தேயிலை ஆலை அடுப்புக்கென்றே அங்கே வளர்த்த மரங்கள். இலையைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பானையைப் பையனின் முன்னால் வைத்து, தலையோடு கம்பளியைப் போர்த்துவார். "நல்லா மூடிக்கடா, ஆவி வெளிய போகக் கூடாது." உள்ளே கண் எரியும், மூக்கு ஒழுகும், பானை விளிம்பு முழங்காலைச் சுடும். கம்பளி ஓரத்தைத் தூக்கி லேசாக மூச்சு வாங்கினாலும் முதுகில் ஒன்று விழும்.

அம்மா சொன்ன அதே வார்த்தைதான் மரத்தின் பேர் என்று தெரிவதற்குள் பையனுக்குத் தலை நரைத்துவிட்டது. கிரேக்கத்தில் 'யூ' என்றால் நன்றாக. 'கலிப்டோஸ்' என்றால் மூடியது.

1777இல், கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில், டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி தீவில் டேவிட் நெல்சன் ஒடித்த கிளை லண்டன் வந்து சேர்ந்தது. 1788இல் அதற்குப் பேர் வைத்தவர் லெரித்தியே என்ற பிரெஞ்சு நீதிபதி. உயிரோடு நின்ற மரத்தை அவர் பார்த்தாரா? காய்ந்த கிளையில் மொட்டைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது. மொட்டின் தலையில் குல்லா மாதிரி ஒரு மூடி. பூக்கும்போது மூடி கழன்று விழ, உள்ளே சுருண்டு கிடந்த மகரந்த இழைகள் சிலிர்த்து நிற்கும். (1800இல் பாரிஸில் அவரை யாரோ கொன்றார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.)

இந்த இனத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட வகைகள். 1995இல் ஹில், ஜான்சன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் எலுமிச்சை வாசக்காரி உட்பட 113 வகைகளைப் பிரித்து, 'கொரிம்பியா' என்று தனிப் பட்டா போட்டார்கள். 2000இல் புரூக்கர் வந்து, எல்லாம் ஒரே பட்டாதான் என்றார். அல்லிநகரத்துக்காரருக்கு இது புதிதில்லை. நகராட்சிப் பலகையில் தேனி-அல்லிநகரம். பஸ் பலகையில் வெறும் தேனி.

பங்காளிச் சண்டை எப்படிப் போனாலும் குடும்பம் பெரியது. நாவலும் கொய்யாவும் கிராம்பும் இதில்தான் சேர்த்தி. ஒரு கொய்யா இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. தைல மரத்து இலையிலும் அதே புள்ளிகள்.

கிராம்பு இன்னும் வேடிக்கை. பூக்கவிடாமல் பறித்துக் காயவைத்த மொட்டு அது. சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, நாலு பல்லுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் உருண்டையை நகத்தால் நெம்பினால் மூடி கழன்று வரும். உள்ளே இழைகள் சுருண்டு கிடக்கும். லெரித்தியே பார்த்த சங்கதி அஞ்சறைப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. ஒன்றைத் திறந்து பார்த்தவருக்கு அடுத்ததையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு எடுத்துவைத்த கிராம்பில் ஒன்பது மொட்டையாகிவிட்டது. விசாரணை நடந்தபோது அவர் பேரன் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.