காலருக்குள் ஒரு குறி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். என் விஷயத்தில் அந்த ஆடைப் பாதி பத்தாம் வகுப்பு வரை வேறொருவருடையதாகவே இருந்தது!

எங்கள் ஊர் ஈரோடு. துணிக்குப் பஞ்சமே இல்லாத ஊர். திங்கட்கிழமை ராத்திரி கூடி செவ்வாய்க்கிழமை வரை நடக்கும் கனி மார்க்கெட் வாரச் சந்தைக்கு வெளிமாநில வியாபாரிகள்கூட வந்து, மூட்டை மூட்டையாக எடுத்துப் போவார்கள். அப்பா விசைத்தறி ஓட்டினார். ஷிப்டுக்கு எத்தனை மீட்டர் ஓட்டினாலும் அதில் ஒரு முழம் எங்கள் வீட்டுக்கு வராது. எனக்குச் சட்டை வந்தது தறிப்பட்டறை முதலாளி வீட்டிலிருந்து.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மஞ்சப்பையில் வரும். என்னைவிட மூன்று வயது மூத்த முதலாளி மகன் போட்டுக் கழித்தவை. "வளர்ற பையன், பெருசா இருந்தா என்ன கண்ணு?" என்று சொல்லிக்கொண்டே அம்மா கையை மடித்துத் தைப்பார். அடுத்த வருஷம் பிரித்துவிடுவார். பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காமல் ஒரு பட்டை தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலருக்குள் இருந்த சேங்கொட்டைக் குறியைத்தான் பொறுக்க முடியவில்லை. முதலாளி வீட்டு உருப்படி என்று தெரிவதற்காகச் சலவைக்காரர் வைத்த குறி அது. எந்த சோப்புக்கும் போகாது. 1993-ல் ஏழாம் வகுப்பில் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, உங்க வீட்டுல வெளுக்கப் போடுவீங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றியதில்லை.

இதே பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனேன். முதல் சம்பளத்தில் அதே சந்தைக்குப் போய் ஏழு சட்டை எடுத்தேன். அம்மாவுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. அப்போது அது தோன்றவே இல்லை! இன்றைக்கும் பீரோவில் லேபிள் பிரிக்காத சட்டைகள் கிடக்கின்றன. கடைக்குப் போனால் கை முதலில் காலரைத்தான் திருப்பிப் பார்க்கிறது. ஒரு சைஸ் பெரிதாகவே எடுக்கிறேன். நாற்பதைத் தாண்டியவன் இனி எங்கே வளரப் போகிறேன்?

போன வருஷம் அக்கா, தன் மகனுக்குச் சிறிதாகிப்போன சட்டைகளை என் மகனுக்கு அனுப்பினாள். "எம் பையன் பழசு போட மாட்டான்" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "நான் ராத்திரி முழிச்சு உட்கார்ந்து தைச்சுத்தானே சாமி போட்டு உட்டேன்? அதுவும் உனக்குப் பழசாத்தான் தெரிஞ்சுதா?"

எனக்குப் பதில் வரவில்லை. காலரையே பார்த்துக்கொண்டிருந்தவன் அம்மாவின் தையலைப் பார்க்கவே இல்லை. அதற்குள் என் மகன் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, "அத்தை வீட்டுச் சட்டை!" என்று தெருவெல்லாம் காட்டப் போய்விட்டான்.

இந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரே சட்டை, அம்மாவுக்கு ஒரு சேலை. காலரைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

தம்பி, தங்கைகளே! உங்கள் பெட்டியில் போடாத துணி இருந்தால் கொடுங்கள். கொடுக்குமுன் துவைத்து, அறுந்த பொத்தானைத் தையுங்கள். பெயரோ குறியோ இருந்தால் அதன்மேல் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். பிறகு அது உங்களுடையது என்பதையே மறந்துவிடுங்கள். நீங்கள் மறந்தால்தான் போட்டுக்கொள்கிறவனால் மறக்க முடியும்.