களைக்கொல்லி வேண்டாம், ஜெரேனியம் வைங்க

இன்னைக்கு தோட்டம் பத்தி ஒரு த்ரெட். மலைப்பகுதி அரசு மருத்துவமனையில வேலை பார்க்கறவன் ஏன் இதை எழுதறேன்னு 5-வது பதிவுல புரியும்.

1/ ஜெரேனியம்னா ஊட்டியில ஜன்னலோரத் தொட்டியில சிவப்பா பூக்குமே, அதுதானே ஞாபகம் வருது? அது உண்மையில் பெலர்கோனியம், தென்னாப்பிரிக்கச் செடி. 1753-ல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1789-ல் பிரித்துவிட்டார்கள். பழைய பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

2/ நான் சொல்றது அசல் ஜெரேனியம். குளிரைத் தாங்கும். உயரமா போகாம, கவிழ்த்து வெச்ச கூடை மாதிரி தரையோட படர்ந்து நிக்கும். காய் கொக்கு அலகு மாதிரி நீண்டிருக்கும். காய்ந்ததும் வெடித்து விதையைச் சுண்டி எறியும்.

3/ 2013-ல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் நூற்றாண்டின் செடியாகத் தேர்வானது 'ரோசான்' ஜெரேனியம். அதன் தாய், தகப்பன் இரண்டுமே இமயமலை இனங்கள். நம்ம நீலகிரியிலயே ஜெரேனியம் நேபாளென்ஸ் இருக்கு. சின்னப் பூ, ரோட்டோரப் புல்லோட புல்லா கிடக்கும். (காட்டுக்குள்ள போய் பிடுங்காதீங்க!)

4/ வளர்ப்பது சுலபம். தண்ணி தேங்காத மண், பாதி வெயில், செடிக்குச் செடி ஒரு அடி. முதல் சில மாசம் கையால களை எடுக்கணும். பூத்து முடிஞ்சதும் தரையை ஒட்டி வெட்டிடுங்க, புது இலை வரும். புதர் பெருத்ததும் வேரோட பிரிச்சு நடலாம்.

5/ இப்ப விஷயத்துக்கு வர்றேன். இலை மூடின மண்ணுல வெளிச்சம் படாது, களை முளைக்கறது குறையும். களை இல்லைன்னா வீட்டுல களைக்கொல்லி தேவையில்லை. பாராகுவாட் உடம்புக்குள்ள போனா நுரையீரல், சிறுநீரகம் ரெண்டையும் கெடுக்கும். முறிமருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் தடை.

6/ எனக்குப் பெரிய பயம், கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெச்ச மிச்ச மருந்துதான். குழந்தைக்கு அது ஜூஸ். தப்பித்தவறி குடிச்சிட்டா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108. மருந்து டப்பாவையும் கையோட கொண்டு வாங்க. என்ன மருந்துன்னு தெரிஞ்சா சிகிச்சையில நேரம் மிச்சம்.

7/ "டாக்டர், நாங்க மதுரை" என்பவர்களுக்கு: அந்த வெயிலுக்கு ஜெரேனியம் தாங்காது. பொடுதலை வைங்க. ஈரம் இருக்கற இடத்துல வல்லாரை. ரெண்டும் தரையை மூடும்.

8/ செடி மூட மாசக்கணக்காகும். அதுவரைக்கும் வீட்டுல மருந்து இருந்தா, வாங்கின டப்பாவிலேயே, பூட்டு போட்ட அலமாரியில வைங்க. இதை இன்னைக்கே செஞ்சிடுங்க. செடியை ஞாயித்துக்கிழமை நடலாம்.