கேப்டன் படகுக்கு இரண்டு மீசை

அமெரிக்காவிலிருந்து எடுத்துவந்த படங்களை ரோச் பூங்காவில் நண்பர்களிடம் காட்டியபோது எல்லோரும் ஒரே படத்தில்தான் நின்றார்கள். வெள்ளைப் படகு ஒன்று. அதன் கூரையின் இரண்டு பக்கமும் கரப்பான் பூச்சி மீசை மாதிரி நீளமாக இரண்டு கம்புகள். "இது என்ன அண்ணாச்சி, டி.வி. ஆண்டெனாவா?" என்றார் ஒருவர். "பாய் கட்டுற மரமா?" என்றார் இன்னொருவர்.

இரண்டும் இல்லை. அதற்குப் பெயர் அவுட்ரிக்கர். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் படகில் பூட்டிக்கொள்ளும் சாமான். அந்த இரண்டு கம்புகளையும் பூட்டியதில் என் கையும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என் மகன் இருப்பது புளோரிடா மாநிலத்தில் ஸ்டூவர்ட் என்ற ஊரில். அட்லாண்டிக் கரையோரம், செயின்ட் லூசி ஆறு கடலில் கலக்கிற பக்கம். 'உலகத்தின் மயில்மீன் தலைநகர்' என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். முதுகில் பாய் விரித்ததுபோல் துடுப்பு வைத்திருக்குமே, அந்த மயில்மீன்தான். டிசம்பர், ஜனவரியில் அங்கே அதற்குப் பருவம்.

எனக்கும் என் மனைவிக்கும் விசாவில் ஆறு மாதம். அவளுக்குப் பேரன் இருந்தான், அடுப்படி இருந்தது. எனக்கு? துறைமுகப் பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பேனர் பிடித்த கை. மகன் வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால்கூட, "அப்பா, நீங்க சும்மா இருங்க, ஆள் வருவான்" என்பான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு 'சும்மா இருங்க' என்ற வார்த்தை எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டில் இருந்தவரைத் தெருவே 'கேப்டன்' என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். வயது 76. அவரிடம் 26 அடிப் படகு ஒன்று. நடுவில் ஸ்டியரிங், அதற்கு மேல் அலுமினியக் குழாயில் நிற்கும் ஃபைபர் கூரை. அந்தக் கூரையை 'டி-டாப்' என்பார்கள். மனைவி இருந்தவரை அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இவர் பின்னால் நின்று தூண்டிலைக் கவனிப்பாராம். அந்த அம்மாள் காலமாகி இரண்டு வருடம். படகை விற்றுவிடச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் ஒரு பருவம் பார்க்கிறேன்" என்று இவர் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவருடைய கஷ்டம் இதுதான். ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துக்கொண்டு போகிற முறையில் இரண்டு தூண்டில் விட்டாலும் இரண்டும் படகு கிளப்பும் நுரைக்குள்ளேயே ஓடும். தனி ஆளாக ஸ்டியரிங்கைத் திருப்பினால் இரண்டு தங்கூசும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சிக்கெடுப்பதிலேயே காலை போய்விடும்.

அவுட்ரிக்கர் இதற்குத்தான். படகின் இரண்டு பக்கமும் கம்பை வெளியே நீட்டி, தங்கூசை அதன் நுனிவரை கொண்டுபோய் ஒரு கிளிப்பில் கடிக்க வைப்பார்கள். இரை நுரைக்கு வெளியே தெளிந்த தண்ணீரில் ஓடும். தங்கூஸ் உயரத்திலிருந்து இறங்குவதால் அதில் பெரும்பகுதி தண்ணீரிலேயே படாது, இரை மட்டும் மேல்மட்டத்தில் துள்ளிக்கொண்டு வரும். தூண்டில்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் படகைத் திருப்பினாலும் சிக்காது. மீன் இரையைக் கவ்வியதும் கிளிப் 'டக்'கென்று விட்டுவிடும். நுனியிலிருந்து விழும் அந்தத் தளர்ந்த தங்கூஸ் இறுகுவதற்கு ஓரிரு நொடி ஆகும். மீன் இரையை வாய்க்குள் வாங்கித் திரும்புவதற்கு அந்த அவகாசம் போதும்.

இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடி என்று மயாமியைச் சேர்ந்த டாமி கிஃபோர்ட் என்ற படகோட்டியைச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் மூங்கில்தான் கம்பு. எழுத்தாளர் ஹெமிங்வே 1934இல் புரூக்ளினில் கட்டி வாங்கிய 38 அடிப் படகு 'பிலார்'. அதிலும் அவுட்ரிக்கர் உண்டு. அந்தப் படகை இன்றும் கியூபாவில் அவர் வாழ்ந்த வீட்டு வளாகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இலங்கையில் ஒரு பக்கம் மிதப்புக் கட்டை கட்டிய ஓடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டைக்கும் ஆங்கிலத்தில் அவுட்ரிக்கர் என்றுதான் பெயர். அது படகு கவிழாமல் காப்பது. நான் சொல்வது தூண்டிலைத் தாங்குவது. பெயர் ஒன்று, வேலை வேறு.

சரி, கம்பு வாங்கக் கடைக்குப் போனோம். கேப்டன் கண் முதலில் போனது 22 அடிக் கம்பு மேல். படகுத்துறையில் பக்கத்துப் படகுக்காரர் வைத்திருப்பது அதுதானாம். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பை முழுதாக நீட்டி, அடியை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவருடைய வலது தோள் காதுக்கு மேல் எழும்பாது, பழைய வலி. கம்பு பாதி எழுவதற்குள் முகம் மாறிவிட்டது. ஒன்றும் பேசாமல் கீழே வைத்தார்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது நீளம். 26 அடிப் படகுக்கு 15 முதல் 18 அடி போதும். பெரிய படகுகளில் 30 அடிக்கு மேலும் வைப்பார்கள், ஆனால் அவற்றைத் தாங்கக் குறுக்குக் கம்பியும் இழுவைக் கம்பியும் தனியாக வேண்டும்.

இரண்டாவது பொருள். அலுமினியம் விலை குறைவு, ஆனால் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். ஃபைபர் கிளாஸ் எளிதில் முறியாது, ஆனால் கனம் அதிகம், ஆட்டமும் அதிகம். கம்பு ஆடினால் அலைக்கு அலை தங்கூஸ் தொய்ந்து வெடுக்கென்று இறுகும், மீன் இல்லாமலே கிளிப் விட்டுவிடும். கார்பன் லேசு, விறைப்பு. விலை மட்டும் தலை சுற்றும். அது மின்சாரத்தையும் கடத்தும். படகை வண்டியில் வைத்து இழுத்துப்போகும்போது மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று பார்க்காமல் கம்பை நிமிர்த்தக் கூடாது.

மூன்றாவது பூட்டும் இடம். படகின் விளிம்பில் பூட்டினால் ஒவ்வொரு முறையும் வெளியே சாய்ந்து கம்பைத் திருப்ப வேண்டும். கூரையில் பூட்டுகிற வகையில் கூரைக்குக் கீழே ஒரு கைப்பிடி வரும். தளத்தில் நின்றபடியே அதைத் திருப்பினால் மேலே கம்பு வெளியே போகும், உள்ளே வரும்.

கடைசியில் வாங்கியது 15 அடி, ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் கார்பன் கம்பு, கூரையில் பூட்டுகிற வகை. 22 அடியோடு பார்த்தால் தெளிந்த தண்ணீருக்குள் போகிற தூரம் குறையும்தான். ஆனால் 22 அடிக் கம்பு அவர் தோளுக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்தால் அதனால் யாருக்கு லாபம்? கேப்டன் பணத்தைக் கட்டும்போது, "என் மனைவி இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்பாள்" என்றார்.

இனி பூட்டுவது. எனக்குச் சோறு போட்ட வேலை அதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பு முறியுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் முதலில் தோற்பது கம்பு அல்ல, அதன் அடியில் இருக்கும் கூரைதான். ஒரு சின்னக் கணக்கு. 15 அடி என்றால் ஏறத்தாழ நாலரை மீட்டர். நுனியில் நாலு கிலோ இழுவை என்று வையுங்கள். நெம்புகோல் கணக்குப்படி அடியில் அது 18 கிலோ-மீட்டர் திருகு. அடித்தட்டின் போல்ட்டுகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர்தான் இடைவெளி. அப்படியானால் போல்ட்டைப் பிய்க்கப் பார்க்கிற விசை 180 கிலோ. அலையில் படகு குதிக்கும்போது இன்னும் கூடும். மெல்லிய ஃபைபரில் வெறும் திருகாணி போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

முதலில் கூரையில் இருந்த விளக்கு ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையின் விளிம்பைப் பார்த்தோம். மேலும் கீழும் ஃபைபர் தோல், நடுவில் ஃபோம். இப்படிப்பட்ட கூரையில் நேராக ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினால் ஃபோம் நசுங்கும், தண்ணீரும் உள்ளே இறங்கும். அதனால் பெரிய ஓட்டையாகப் போட்டு, உள்ளே ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸியால் நிரப்பினோம். ஒரு நாள் காயவிட்டு, இறுகிய எபாக்ஸியின் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தோம். போல்ட் இப்போது ஃபோமைத் தொடவே தொடாது.

ஆனால் துளைக்கும் முன் இரண்டு நாள் வெறும் அளவெடுப்புதான். அட்டையில் அடித்தட்டை வெட்டி ஒட்டினோம். கம்புக்குப் பதிலாக பி.வி.சி. குழாயைக் கட்டி முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தோம். ஆண்டெனாவில் இடிக்கிறதா, பின்னால் தூண்டில் கோல் செருகும் குழாய்களில் மாட்டுகிறதா, கீழே கைப்பிடி கேப்டன் தலையில் தட்டுகிறதா, அலுமினியக் குழாய்க்குள் ஓடும் ஒயர் எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தோம். "எப்போதுதான் ஓட்டை போடுவாய்?" என்று கேப்டன் பொறுமை இழந்தார். ஓட்டையைப் போடலாம், அழிக்க முடியாது என்றேன்.

கூரைக்கு அடியில் ஆறு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி வைத்தோம். மூலைகளை வட்டமாக அரம் போட்டேன். இழுவை நாலு போல்ட்டில் நிற்காமல் தகடு முழுக்கப் பரவ வேண்டும். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ். உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். துறைமுகத்தில் நான் பார்க்காததா? இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷர் போட்டு, பிரித்துவைக்கும் பசையும் தடவினோம். கசிவடைக்கும் பசையில் ஆயுளுக்கும் கழற்ற முடியாத வகையும் உண்டு. அதை வேண்டாமென்று கழற்றக்கூடிய வகையை எடுத்தோம். பசை வைத்தவுடன் முழுதாக முறுக்கினால் அத்தனையும் பிதுங்கி வெளியே வந்துவிடும். லேசாக முறுக்கி, ஒரு நாள் விட்டு, மறுநாள்தான் இறுக்கினோம்.

மொத்தம் எட்டு நாள். கூலி கிடையாது, வாங்கவும் கூடாது, வந்தது சுற்றுலா விசா. மதியம் கேப்டன் கொடுத்த சாண்ட்விச் உண்டு. நாலாம் நாள் மாலை மகன் வந்து வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் குளியலறைக் குழாய் ஒழுகியபோது, "அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றான்.

ஜனவரியில் காற்று அடங்கிய ஒரு நாள் கடலுக்குப் போனோம். கம்புகளை வெளியே திருப்பியது கேப்டன்தான், தோள் உயரத்துக்கு மேல் கையைத் தூக்காமலே. இரை நம்ம முரல் மாதிரி ஒரு மீன். கிளிப்பை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் நுணுக்கம். அதிகம் இறுக்கினால் மீன் முரண்டுபிடித்து இரையைத் துப்பிவிடும், தளர்த்தினால் ஒவ்வொரு அலைக்கும் விட்டுவிடும். அவர் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்து வைத்தார். அந்த விஷயத்தில் அவர் ஆசான், நான் மாணவன்.

நாலு தூண்டில் ஓடியது. படகை இரண்டு முறை முழு வட்டம் திருப்பினார், ஒன்றும் சிக்கவில்லை. பத்து மணி வாக்கில் வலது கம்பில் 'டக்'. தங்கூஸ் தொய்ந்து விழுந்து, மெல்ல இறுகியது. நூறடிக்கு அப்பால் நீலமாக எழும்பியது மயில்மீன். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கேப்டன் அரைமணி நேரம் போராடிப் படகோரம் கொண்டுவந்து, தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, தண்ணீர் செவுளில் ஏறும்படி கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டே ஓட்டச் சொல்லி, பிறகு விட்டுவிட்டார். அங்கே பெரும்பாலும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் விட்டால் வீட்டில் அடி விழும் என்றேன். வெகுநேரம் சிரித்தார்.

வயதானால் நாம் ஒன்று பழைய பலம் இருப்பதாக நினைத்துப் பெரிய கம்பைத் தேடுகிறோம், இல்லையென்றால் படகையே விற்றுவிடுகிறோம். நடுவில் 15 அடிக் கம்பு ஒன்று இருக்கிறது, கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது, வருடத்துக்கு ஒருமுறை எட்டு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் கேப்டனிடமிருந்து செய்தி வந்தது. படகு விற்கப்படவில்லை. எட்டு போல்ட்டும் பார்த்தாராம், ஒன்றுகூட அசையவில்லையாம்.