பூட்டிய கதவின் இலக்கணம்

பெங்களூரின் விளிம்பில், நான்கே தெருக்கள் கொண்ட ஒரு சிறிய குடியிருப்பின் நடுவே உள்ள அந்த நிலத்துக்கு மூன்று பெயர்கள். முகப்புப் பலகையில் 'உத்யானவன' என்று கன்னடத்தில் எழுதியிருக்கிறது. குடியிருப்போர் 'பார்க்' என்கிறார்கள். குடியிருப்பு உருவாவதற்கு முன்பே அங்கிருந்த கிராமத்தின் முதியவர்கள் மட்டும் இன்றும் 'தோப்பு' என்கிறார்கள். பழைய மைசூர்ப் பகுதி ஊர்களில் 'குண்டுதோப்பு' என்று ஒன்று இருந்தது. மா, பலா, புளி, நாவல் முதலிய மரங்களை ஊரார் பொதுநிலத்தில் வைத்து வளர்த்த தோப்பு அது. வழிப்போக்கர் இளைப்பாறுவதும் கால்நடைகள் நிழலில் படுப்பதும் அங்கேதான். நகரம் பரவியபோது அத்தகைய தோப்புகளில் பல, கட்டடங்களாகவும் பேருந்து நிலையங்களாகவும் பூங்காக்களாகவும் மாறின. இங்கே எஞ்சியிருப்பது ஒரே ஒரு புளியமரம்.

கடந்த சில ஆண்டுகளில் இப்பூங்கா படிப்படியாக மேம்படுத்தப்பட்டது. முதலில் இரும்பு வேலி வந்தது. அடுத்து நடைபாதை, விளக்குகள், உடற்பயிற்சிக் கருவிகள், ஒரு சறுக்குமரம், சில மாதங்களே இயங்கிய ஒரு நீரூற்று. இவற்றைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வேலி வருமுன் பாதி நிலம் குப்பைமேடாகக் கிடந்தது. விளக்குகள் வந்த பிறகுதான் பெண்கள் மாலையில் நடக்கத் தொடங்கினார்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் வேறு பயன்பாட்டுக்கு மாறவிடாமல் காக்கக் கர்நாடகத்தில் 1985ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் நகரத்தில் அப்படியொரு காவல் தேவைதான்.

ஆனால் வேலியோடு ஓர் அறிவிப்புப் பலகையும் வந்தது. பந்து விளையாட்டு, புல்தரையில் அமர்தல், உணவு உண்ணுதல், பூப்பறித்தல் என வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் 'நிஷேதிஸலாகிதெ' என்று அது எழுதிவைத்தது. 'தடை செய்யப்பட்டுள்ளது' என்பதே பொருள். தமிழ்த் தொடரில் தடைசெய்யப்பட்ட பொருளாவது எழுவாயின் இடத்துக்கு வந்து நிற்கும். கன்னடத்தின் இவ்வமைப்பில் அது இரண்டாம் வேற்றுமையிலேயே நின்றுவிடுவதால், எழுவாய் என்று ஒன்றே இருப்பதில்லை. செயல் நடந்திருக்கிறது. செய்தவர் எவரும் இல்லை. 1997இல் லாண்ட்ரியும் பூரியும் 'மொழி நிலக்காட்சி' என்ற கருத்தை முன்வைத்தது முதல், பொதுவிடப் பலகைகளில் எந்த மொழி மேலே இருக்கிறது, எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்பவை தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. அப்பலகைகளின் வினைமுற்றுகளும் அதே அளவு கவனத்துக்கு உரியவை. தடுத்தவர் இன்னாரென்று தெரிந்தால் அவரிடம் சென்று வாதிடலாம். எழுவாய் இல்லாத தொடரிடம் யார் வாதிடுவது?

அப்படி வாதிட முயன்ற ஒரு பெண்மணி உண்டு. அத்தெருக்களில் மூன்று வீடுகளில் வேலை செய்பவர். இரண்டாம் வீட்டு வேலை நண்பகலில் முடியும். மூன்றாம் வீட்டார் 2 மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். இரண்டு பேருந்து மாறி வீட்டுக்குப் போய்த் திரும்ப அந்த நேரம் போதாது. நகரத்துப் பூங்காக்கள் அப்போது நண்பகலில் மூடப்பட்டு வந்ததால், அவர் பூங்கா வாசலில், வேலிக்கு வெளியே நடைமேடையில் அமர்ந்து உண்பார். உள்ளே புளியமர நிழலில் இருக்கைகள் காலியாகக் கிடக்கும்.

"அண்ணா, ஒரு கால் மணி நேரம் திறந்து விடுங்களேன், சாப்பிட்டதும் போயிடறேன்" என்று ஒருநாள் காவலாளியிடம் கேட்டார். "நான் என்னம்மா பண்றது, ஆர்டர் அப்படி" என்றார் அவர். ஆணையிட்டவர் யார் என்பது அவருடைய விடையிலும் இல்லை.

2015இல் 500 நகரங்களுக்காகத் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டம், குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், போக்குவரத்து ஆகியவற்றோடு பூங்காக்களையும் நகரத்தின் அடிப்படைத் தேவையாகச் சேர்த்துக்கொண்டது. இது வரவேற்கத்தக்க ஏற்பு. எனினும் மேம்பாடு என்பது பெரும்பாலும் பதிக்கப்பட்ட கல், நிறுவப்பட்ட கருவி எனப் பட்டியலிடக்கூடியவற்றாலேயே அளக்கப்படுகிறது. கதவு திறந்திருக்கும் நேரத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. அதைத் திறந்துவைத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கவும் முடியாது.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பெங்களூர் மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் என்று மாநில அரசு அறிவித்தது. அதன்பின் இப்பூங்காவில் ஒரு கல்கூடப் புதிதாக வைக்கப்படவில்லை. பூட்டு மட்டும் நண்பகலிலும் திறந்திருந்தது. மறுவாரமே அந்தப் பெண்மணி புளியமரத்தடிக்கு வந்தார். அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும் உணவு விநியோக இளைஞர்களும், வீட்டில் இடமில்லாத மாணவர்களும் வந்தார்கள். பெண்கள் நகரத்தில் காரணம் எதுவுமின்றி நேரம் கழிக்கும் உரிமையை, மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் 2011இல் வெளிவந்த தங்கள் நூலில் வற்புறுத்தினார்கள். நடைபாதையில் நடப்பவருக்கு உடல்நலம் என்ற காரணம் இருக்கிறது. மரத்தடியில் சும்மா அமர்ந்திருப்பவருக்கு இடம் கொடுக்கிறதா என்பதே ஒரு பூங்காவின் தரத்தைக் காட்டும்.

பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. சிறுவர்கள் தெருவில் வண்டிகளுக்கிடையே பந்து ஆடுகிறார்கள். குழந்தைகளின் விளையாட்டுரிமையை 31ஆம் பிரிவில் ஏற்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இலேயே இணைந்துவிட்டது.

அண்மையில் கூடிய குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பூங்காவுக்கு ஓர் அலங்கார வளைவு வேண்டும் என்று பேசப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, பலகையில் பந்து பற்றியும் உணவு பற்றியும் உள்ள இரண்டு வரிகளை அழித்தால் போதும், அதற்கு ஒரு டப்பா வண்ணப்பூச்சே மிகுதி என்றார். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தவர் யார் என்று குறிப்பேட்டில் இல்லை.

அக்கூட்டத்தில் பேச அந்தப் பெண்மணிக்கு இடமில்லை. அவர் அந்தக் குடியிருப்பில் நாள்தோறும் உழைப்பவர், அங்கே குடியிருப்பவர் அல்லர். நண்பகலில் பலகைக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்து உண்கிறார். குழாயடியில் டப்பாவைக் கழுவி, மிச்ச நீரைப் புளியமரத்தின் வேரில் ஊற்றிவிட்டு மூன்றாம் வீட்டுக்குப் போகிறார்.