ஷிஃப்டு பார்க்கும் அம்மா, அப்பாக்களுக்கு

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெற்றோருக்காக எழுதுகிறேன். பிள்ளைக்கு ஆட்டிசமோ, கற்றல் குறைபாடோ, காது கேட்பதில் சிரமமோ இருந்தால் வகுப்பாசிரியரோடு பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போகிறவர். நம் பள்ளிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அதற்கேற்ப ஷிஃப்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

"மிஸ், இவன் படிக்கவே மாட்டேங்கிறான்" என்று மட்டும் சொன்னால் பயிற்றுநருக்கு ஒன்றும் பிடிபடாது. நான் மகனின் நோட்டையே கொண்டுபோனேன். போர்டைப் பார்த்து எழுதிய பக்கத்தில் பாதி வார்த்தைகளைக் காணோம். நான் சொல்லச் சொல்ல எழுதிய பக்கம் முழுசாக இருந்தது. இரண்டையும் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "கண் டெஸ்ட் பண்ணீங்களா?"

பேசியதைத் தேதி போட்டு எழுதியும் கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்று வேண்டும். தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. இது யாரும் போடும் பிச்சை இல்லை.

பக்கத்து லைன் வீட்டில் ஒடிசா, பீகார் குடும்பம் இருந்தால், அவர்களுக்குத் தமிழில் கேட்கத் தெரியாமல் இருக்கலாம். ஒருநாள் கூடப் போய்ப் பேசிக்கொடுங்கள்.